மூணு கை பட்டாத்தான் பந்து

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னையப் பேசக் கூப்பிட்டவங்க, "டீச்சர், வட்டி மானியத்தைப் பத்தி பேங்க்காரங்க பேசிக்குவாங்க, ரத்தசோகையைப் பத்தி நர்சம்மா பேசிக்குவாங்க, நீங்க உங்களுக்குத் தெரிஞ்சதைப் பேசுங்க"ன்னு சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்சது விசில் ஊதறதும் வாலிபாலும்தான். அதனால வாலிபாலைப் பத்தியே பேசறேன். கேட்டு முடிக்கும்போது இது நம்ம குழுவைப் பத்தின பேச்சுத்தான்னு உங்களுக்கே தெரியும்.

நல்லா ஆடற பிள்ளை, ஆனா யாரோடவும் ஒத்துப் போகாது. அந்தப் பிள்ளையை எப்படி அணிக்குள்ள கொண்டு வர்றது? இதுதான் நான் பேசப்போற சங்கதி. உங்க குழுவுலயும் அப்படி ஒருத்தி இருப்பா. கணக்குல புலி, பேங்க்ல பேசினா மேனேஜர் எந்திரிச்சு நிப்பாரு, கலெக்டர் ஆபீஸ் மனுவுன்னா அவதான் எழுதோணும். ஆனா கூட்டத்துல ஒருத்தியைப் பேச விடமாட்டா. இப்பவே ரெண்டு பேரு பக்கத்துல இருக்கறவங்களை இடிச்சுச் சிரிக்கறது மேடையிலிருந்து நல்லாத் தெரியுதுங்க.

முதல்ல ஆட்டத்தைச் சொல்லிடறேன்.

1895ல அமெரிக்காவுல ஹோலியோக் ங்கற ஊர்ல, ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த வில்லியம் மார்கன் கண்டுபிடிச்ச ஆட்டம் இது. அதுவும் ஒரு மில்லு ஊருதான். கூடைப்பந்து ஆடினா மூச்சு வாங்கற நடுவயசுக்காரங்களுக்காகத்தான் அவரு இதை யோசிச்சாரு. அதனால "எங்க வயசுக்கு இனி என்ன ஆட்டம்"னு யாரும் சொல்லாதீங்க. இது நம்ம வயசுக்காகவே பொறந்த ஆட்டம். நம்ம நாட்டுக்கும் ஒய்.எம்.சி.ஏ. வழியாத்தான் வந்தது. 1961ல அர்ஜுனா விருது ஆரம்பிச்ச வருசமே வாலிபாலுக்காக அதை வாங்கினவர் ஏ. பழனிசாமி. அடுத்த வருசம் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுல நம்ம ஆண்கள் அணி வெள்ளிப் பதக்கம் வாங்குச்சு.

களம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். நடுவுல வலை. பொம்பளைங்க ஆட்டத்துக்கு வலையோட உசரம் 2.24 மீட்டர். பந்து கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல. ஒரு பக்கத்துக்கு ஆறு பேரு. இதெல்லாம் அளவு. நான் சொல்ல வர்றது மூணு சட்டம்.

ஒண்ணு, பந்தைக் கையில பிடிச்சு வெச்சுக்கக் கூடாது. வந்தா உடனே அடுத்தவளுக்கு அனுப்பிடோணும். ரெண்டு, ஒருத்தியே அடுத்தடுத்து ரெண்டு தடவை தொடக்கூடாது. வலைக்கிட்டத் தடுக்கற நேரம் மட்டும் விலக்கு. மூணு, மூணு தொடுதலுக்குள்ள பந்து எதிர்ப்பக்கம் போயாகோணும். முதல் ஆளு எதிரி அடிச்சதை எடுப்பா. ரெண்டாவது ஆளு தூக்கிக் கொடுப்பா, லிப்டர்னு சொல்லுவோம். மூணாவது ஆளு குதிச்சு அடிப்பா. கைதட்டல் முழுக்க அந்த மூணாவது ஆளுக்குத்தான். ஆனா முதல் ரெண்டு பேரு இல்லாம மூணாவது ஆளு வெறுங்காத்தைத்தான் அடிக்கோணும்.

இன்னொண்ணும் இருக்குது. எதிரிகிட்ட இருந்து சர்வீஸ் நம்ம கைக்கு வர்றப்பெல்லாம் ஆறு பேரும் கடிகார முள் சுத்தற மாதிரி ஒரு இடம் நகரோணும். எவ்வளவு பெரிய ஆட்டக்காரியா இருந்தாலும் பாதி நேரம் பின்வரிசையில நின்னுதான் ஆகோணும். கிரிக்கெட்டுல ஒருத்தரே நாள் முழுக்க நின்னு அடிக்கலாம். கபடியில ஒருத்தரே போயி நாலு பேரைத் தொட்டுட்டு வரலாம். வாலிபால்ல தனியா ஜெயிக்கறதுக்குச் சட்டமே இடம் கொடுக்கறதில்லை.

இந்த ஆட்டத்துல வந்து மாட்டினா ஒரு பொண்ணு. பேரு வேண்டாமுங்க. நம்ம பக்கத்து ஊர்தான். ஒன்பதாவது படிச்சிட்டிருந்தா. பனைமரம் மாதிரி உசரம். கோயில் மைதானத்துல அண்ணன்மாரோட ஆடிப் பழகினவ. அவ குதிச்சு அடிச்சா அந்தப் பக்கம் பந்து விழுந்த இடத்துல புழுதி கிளம்பும். நான் வேலை பார்த்த காலத்துல அப்படி ஒரு கையை ரெண்டாவது தடவை பார்க்கலை.

களத்துல பந்து வர்றப்ப பிள்ளைகள் கத்தறதுக்கு மூணு வார்த்தை வெச்சிருப்போம். தான் எடுக்கறதா இருந்தா "நான்". பக்கத்துல இருக்கறவளுக்கு விடறதா இருந்தா "உனக்கு". வெளியில போற பந்துன்னா "விடு". இந்தப் பொண்ணுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும். எங்க வர்ற பந்தா இருந்தாலும் "நான்! நான்!" அடுத்தவ இடத்துல போய் மோதுவா. யாராவது ஒரு பந்தை விட்டுட்டா அவ முகத்துக்கு நேரா, "உன்னையெல்லாம் யாருடி ஆட வரச் சொன்னது"ன்னு கேப்பா. தூக்கிக் கொடுக்கற பொண்ணு சின்ன உருவம், பரம சாது. அதை அழவெக்காத நாளில்லை.

குறுவட்டப் போட்டி வந்துச்சு. முதல் செட்டு இவ ஒருத்தியே ஜெயிச்சுக் கொடுத்தா. ரெண்டாவது செட்டுல எதிரணி பொண்ணுங்க புரிஞ்சிக்கிட்டாங்க. எல்லாப் பந்தும் இவளுக்குத்தான் வரும்னு ரெண்டு பேரு இவ முன்னாடியே குதிச்சு நின்னாங்க. இவளுக்குக் கோபம் ஏற ஏற நம்ம பிள்ளைகளைத் திட்டினா. அப்புறம் என்னாச்சு தெரியுங்களா? அஞ்சு பேரும் அப்படியே நின்னுட்டாங்க. பந்து ரெண்டு பேருக்கு நடுவுல விழுது, யாரும் அசையலை. "அவதான் எல்லாம் எடுப்பாளே, எடுக்கட்டும்." தோத்துட்டோம். வேன்ல திரும்பி வர்றப்ப அஞ்சு பேரு ஒரு பக்கம், அவ ஒருத்தி ஒரு பக்கம்.

அடுத்த நாள் அஞ்சு பொண்ணுகளும் வந்து, "மிஸ், அவ இருந்தா நாங்க வரலை"ன்னாங்க. கொஞ்ச நேரத்துல அவ வந்து, "மிஸ், இவளுகளோட நான் ஆடமாட்டேன்"னா. நான் ரெண்டு கட்சிக்கும் தீர்ப்புச் சொல்லலை. அன்னைக்குச் சாயங்காலம் அவ வீட்டுக்குப் போனேன்.

அப்பன் இல்லாத வீடு. அம்மா நூல் மில்லுல சிப்டு. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் அரை ராத்திரி. தண்ணி பிடிக்கறது, சோறாக்கறது, தம்பியைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பறது, ஆட்டுக்குத் தழை ஒடிக்கறது எல்லாம் இந்தப் பொண்ணுதான். தண்ணி லாரி வந்தா குடத்தைத் தூக்கிட்டு ஓடி முண்டியடிச்சு முன்னாடி நிக்கோணும், இல்லைன்னா அன்னைக்குத் தண்ணி இல்லை. "கொஞ்சம் மத்தவங்களுக்கும் விடு கண்ணு"ன்னு சொன்னேன். அவ சொன்ன பதில் இன்னும் காதுல இருக்குது. "நான் எடுக்கலைன்னா யாரும் எடுக்கமாட்டாங்க மிஸ்."

அது திமிருன்னு ஊரே சொல்லுச்சு. அந்தப் பிள்ளையோட அனுபவம் அதுங்க. அவ வாழ்க்கையில அவ விட்ட பந்தை வேற யாரும் எடுத்ததே கிடையாது. அப்புறம் எப்படி "உனக்கு"ங்கற வார்த்தை வாயில வரும்? நம்பிக்கைங்கறது புத்திமதி சொல்லி வர்றதில்லை. நாம விட்டதை இன்னொருத்தி எடுத்தான்னு பத்துத் தடவை கண்ணால பார்த்தாத்தான் வரும்.

அதனால நாங்க மூணு காரியம் செஞ்சோம். ஒரு மாசத்துக்கு அவளை அடிக்கவே விடலை. தூக்கிக் கொடுக்கற இடத்துல நிறுத்தினோம். மொதல் வாரம் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டா. ஆனா அந்த இடத்துல நின்னாத்தான் தெரியும், கோணலா வர்ற பந்துக்கு ஓடி ஓடிக் கால் எப்படி ஓய்ஞ்சு போகும்னு. அதை அடிச்சவ ஒரு வார்த்தை நன்றி சொல்லாமத் திரும்பிப் போனா எப்படி இருக்கும்னு. ரெண்டாவது, பயிற்சி ஆட்டத்துல ஒரு சட்டம் போட்டோம். மூணு வெவ்வேற கை படாத பந்துக்குப் புள்ளி கிடையாது, எவ்வளவு அழகா அடிச்சாலும். மூணாவது, மத்த அஞ்சு பேருக்கு. ஒவ்வொருத்தியும் தினம் 50 பந்து எடுத்துப் பழகோணும். அவ திட்டறா திட்டறான்னு அழுதா மட்டும் பத்தாது, நம்பற அளவுக்கு நாமளும் தேறோணுமில்லைங்களா?

அதுக்கு நடுவுல இன்னொரு சங்கதி நடந்துச்சு. இதைத்தான் நீங்க முக்கியமாக் கேக்கோணும். அவங்கம்மாவும் குழு உறுப்பினர்தான். சிப்டு மாறி மாறி வர்றதுனால கூட்டத்துக்கு வர முடியலை. அபராதம் கட்டிக் கட்டி வெறுத்துப்போயி, "எனக்கெதுக்குக் குழு"ன்னு நின்னுக்கிச்சு. அம்மாவும் பொண்ணும் ஒரே அச்சு. அந்த ஊர் ஊக்குநர் என்ன செஞ்சாங்கன்னா, "விதி விதி"ன்னு பேசாம, கூட்டத்தை ஞாயித்துக்கிழமை பொழுதோட மாத்தினாங்க. தீர்மானப் புத்தகத்துல எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க. அந்தம்மா திரும்பி வந்துச்சு. பத்தாவது முடிஞ்சதும் பொண்ணை மூணு வருசத்துக்கு மில் ஹாஸ்டலுக்கு அனுப்பினா மொத்தமாப் பணம் தர்றோம்னு ஒரு ஏஜெண்டு வீட்டுக்கு வந்தப்ப, பழைய கடனுக்குப் பயந்து அந்தம்மா தலையாட்டற நிலைமையில இருந்துச்சு. குழு உள்கடன் கொடுத்து அந்தக் கடனை அடைச்சுது. பொண்ணு பதினொண்ணாவது சேர்ந்தா. அவங்க வீட்டுக்கு வந்த பந்தை முதல் தடவையா வேற ஒரு கை எடுத்துச்சு. அதை அந்தப் பொண்ணு பக்கத்துல நின்னு பார்த்துட்டிருந்தா.

அடுத்த வருசம் குறுவட்டத்துல ஜெயிச்சு வருவாய் மாவட்டப் போட்டிக்குப் போனோம். அரையிறுதி. எதிரணிக்காரங்க இவளைப் பத்தித் தெரிஞ்சு வந்திருந்தாங்க. முக்கியமான ஒரு பந்து. சாதுப் பொண்ணு கைக்குப் பந்து வருது. இவ ஓடி வந்து முழு உசரத்துக்குக் குதிக்கறா, கையை ஓங்கறா. எதிர்ல ரெண்டு பேரு இவளுக்காகக் குதிக்கறாங்க. சாதுப் பொண்ணு பந்தைப் பின்பக்கமாத் தூக்கி வேற ஒருத்திக்குக் கொடுத்துட்டா. அவ முன்னாடி தடுக்க ஆளே இல்லை. மெதுவாத் தட்டினா, விழுந்துச்சு. தனக்குப் பந்து வராதுன்னு தெரிஞ்சேதான் இவ குதிச்சிருக்கா. ரெண்டு பேரும் கண்ணாலயே பேசி வெச்சிருக்காங்க. அந்த ஆட்டம் கடைசியில தோத்துத்தான் போனோம். கப்பு இல்லை. ஆனா வேன்ல ஆறு பேரும் ஒரே பக்கம் உக்காந்து பாட்டுப் பாடி டிரைவர் தலையைத் தின்னுட்டாங்க.

அவளுக்குக் கோபம் இப்பவும் வரும். அது போகலை. ஆனா "உனக்கு"ங்கற வார்த்தை வந்திருச்சு.

இது நம்ம ஊர் சமாச்சாரம் மட்டுமில்லைங்க. உலகத்துலயே பெரிய ஆட்டக்காரருக்கும் இதே கதைதான். பிரான்சு நாட்டுல எர்வின் இங்காபெத்னு ஒரு ஆட்டக்காரர். அவங்கப்பாவும் அந்த நாட்டு அணிக்கு ஆடினவர். பையன் பிறவிக் கலைஞன். முதுகுப்பக்கம் பந்து வந்தாலும் திரும்பாமலே அடிப்பாரு. 2010ல இத்தாலியில உலகப் போட்டி நடந்தப்ப அவருக்கு வயசு 19. பயிற்சியாளர் பிலிப் பிளேனோட ஒத்துப் போகாம, போட்டி நடந்துட்டிருக்கும்போதே ஒழுங்கு நடவடிக்கையா அணியிலிருந்து அனுப்பிட்டாங்க.

2012ல லாரன் டில்லி பயிற்சியாளரா வந்தாரு. அவரோட அணியில இந்தப் பையனுக்குத் திரும்பவும் இடம் கிடைச்சுது. அங்கதான் பெரிய ஆட்டக்காரரா வளர்ந்தாரு. களத்துக்கு வெளியில அதுக்கப்புறமும் சிக்கல்ல மாட்டிப் பத்திரிகையில அடிபட்டாரு. ஒரே நாள்ல யாரும் மாறிடறதில்லை. ஆனா 2015ல அந்த அணி உலக லீக் கோப்பையையும் ஐரோப்பியக் கோப்பையையும் ஜெயிச்சுது.

அப்புறம் டோக்கியோ ஒலிம்பிக். கொரோனாவுனால 2021ல நடந்துச்சே, அதுதான். முதல் சுத்துல அஞ்சு ஆட்டத்துல மூணு தோல்வி. அப்படியொரு நிலைமையில அணிக்குள்ள என்ன நடக்கும்? "உன்னாலதான், என்னாலதான்"னு ஆரம்பிக்கும். அவங்க உடையலை. தட்டுத்தடுமாறி கால் இறுதிக்கு வந்து, அப்ப உலகச் சாம்பியனா இருந்த போலந்தை 3-2ன்னு ஜெயிச்சாங்க. இறுதி ஆட்டத்துல ரஷ்யக்காரங்களோட மோதி முதல் ரெண்டு செட்டு எடுத்தாங்க, அடுத்த ரெண்டு செட்டை விட்டாங்க, அஞ்சாவது செட்டுல ஜெயிச்சாங்க. அந்தப் போட்டியோட சிறந்த ஆட்டக்காரர் விருது இங்காபெத்துக்கு. 2024 பாரிசுலயும் அதே தங்கம், அதே விருது. அவரு அடிக்கறதை மட்டும் பார்க்காதீங்க. எதிரி சர்வீஸைப் பின்னாடி நின்னு எடுக்கற வேலையும் அவருக்கு இருக்குது. கைதட்டல் கிடைக்காத முதல் தொடுதலை அவரும் செய்யறாரு.

அன்னைக்கு அனுப்பினதும் ஒருவேளை சரியா இருக்கலாம். திரும்பக் கூப்பிட்டதும் சரிதான். கதவைச் சாத்தோணும்னா சாத்துங்க, தாழ்ப்பாளை மட்டும் வெளியில பூட்டிடாதீங்க. குழுவை விட்டுப் போனவளுக்கும் இதேதான் சொல்றேன்.

இப்ப மில்லுக்காரங்க கதை ஒண்ணு. இந்தக் கூட்டத்துல மில் சிப்டுக்குப் போகாத குடும்பம் எத்தனை இருக்கும்? ஜப்பான்ல ஒசாகா பக்கம் கைசுகா ங்கற ஊர்ல நிச்சிபோன்னு ஒரு நூற்பாலை. அந்த மில்லுல வேலை செஞ்ச பொண்ணுங்களை வெச்சு ஹிரோபுமி டைமட்சுன்னு ஒருத்தர் வாலிபால் அணி உண்டாக்கினாரு. பகல்ல வேலை, அது முடிஞ்சு நடுராத்திரி வரைக்கும் பயிற்சி. ஐரோப்பாக்காரிகளைப் பார்த்தா இவங்க உசரம் கம்மி. உசரத்துல ஜெயிக்க முடியாதுன்னு தெரிஞ்சு, பந்தைக் கீழ விழாம எடுக்கறதுல இறங்கினாங்க. தரையில பாஞ்சு பந்தை எடுத்து, அப்படியே உருண்டு, அடுத்த நொடி எந்திரிச்சு நிக்கற வித்தையை அவங்கதான் பேரெடுக்க வெச்சாங்க.

1962ல மாஸ்கோவுல போயி சோவியத் அணியை ஜெயிச்சு உலகச் சாம்பியன் ஆனாங்க. 1964ல டோக்கியோ ஒலிம்பிக்ல முதல் தடவையா வாலிபாலைச் சேர்த்தாங்க. ஒலிம்பிக்ல பொம்பளைங்க அணியாச் சேர்ந்து ஆடின முதல் ஆட்டமே இதுதான். ஜப்பான் அணியில பெரும்பாலானவங்க இந்த மில்லுப் பொண்ணுங்க. கேப்டன் மசாயே கசாய்க்கு வயசு 31. "இந்த வயசுல கல்யாணம் பண்ணாம என்ன ஆட்டம்"னு ஊரு பேசாம இருந்திருக்குங்களா? அக்டோபர் 23ஆம் தேதி, நேர் செட்டுல சோவியத் அணியை ஜெயிச்சுத் தங்கம் வாங்கினாங்க. அன்னைக்கு டோக்கியோ வட்டாரத்துல டி.வி. இருந்த வீடுகள்ல நூத்துக்கு 66க்கு மேல அந்த ஆட்டத்தைத்தான் பார்த்துச்சுன்னு கணக்கு இருக்குது.

அந்தப் பயிற்சியோட கடுமை நமக்கு வேண்டாமுங்க. தூக்கம் இல்லாம, உடம்பு முடியாமக் கூட ஆடினாங்க. நம்ம பொண்ணுகளை ஒரு மில்லோ ஒரு வாத்தியாரோ அப்படிப் பிழிஞ்சா நாம ஒத்துக்கக் கூடாது. எடுத்துக்க வேண்டியது ஒண்ணுதான். உசரம் கம்மியான பொண்ணுங்க, ஒருத்தி விட்ட பந்தை இன்னொருத்தி விழுந்து எடுத்தே உலகத்தை ஜெயிச்சாங்க.

இனி நம்ம குழுவுக்கு வர்றேன்.

1989ல தர்மபுரியில பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தோட உதவியில ஆரம்பிச்சுது தமிழ்நாட்டு மகளிர் குழுக்களோட கதை. 1992ல நபார்டு குழுக்களை பேங்க்கோட இணைக்கற திட்டம் கொண்டு வந்துச்சு. நம்மகிட்ட நிலப் பத்திரமும் இல்லை, நகையும் இல்லை. எதை நம்பி பேங்க் கடன் கொடுத்துச்சு? 12லிருந்து 20 பேரு ஒண்ணாக் கையெழுத்துப் போட்டு, ஒருத்தி விட்டா இன்னொருத்தி எடுப்பாங்கற நம்பிக்கையை அடமானம் வெச்சோம். வேற எதுவும் இல்லைங்க. அந்த நம்பிக்கை உடைஞ்சா குழுவே உடைஞ்சுது.

குழு உடையறதைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். பணத்துனால உடைஞ்சதை விட மனஸ்தாபத்துல உடைஞ்சது நிறைய இருக்கும். அதுவும் ஒண்ணுக்கும் ஆகாதவளால உடையறதில்லை. ரொம்பத் திறமையான ஒருத்திக்கும் மத்தவங்களுக்கும் நடுவுல பந்து விழுந்து, யாரும் எடுக்காமத்தான் உடையுது. அதனால நாலு விசயம் சொல்றேன்.

முதல் விசயம், அவ வீட்டுக்கு ஒரு தடவை போயிட்டு வாங்க. ஏன் இப்படிப் பேசறாங்கறதுக்கு விடை கூட்டத்துல கிடைக்காது. வீட்டுல புருசன் குடிச்சா, மாமியா படுக்கையில இருந்தா, எல்லாச் சுமையும் ஒரே தலையில இருந்தா, அந்தத் தலைக்கு "நான்" மட்டும்தான் சொல்லத் தெரியும்.

ரெண்டாவது, சுத்தி வரோணும். பொறுப்பு சுழற்சி முறையில மாறோணும்னு நம்ம விதியிலேயே இருக்குது. ஆனா நிறையக் குழுவுல பத்து வருசமா ஒரே ஆளு. "அவளுக்குத்தான் தெரியும்"ங்கறோம். மத்தவங்களுக்குத் தெரியாததுக்குக் காரணமே அதுதான். திறமைக்காரியைத் தள்ளி விட வேண்டாம். ரெண்டாவது தொடுதலுக்கு நகர்த்துங்க. "நீ எழுதினது போதும் அக்கா, இந்த மூணு பேருக்குக் கணக்கு எழுதச் சொல்லிக் கொடு"ன்னு கேளுங்க. தான் எழுதற கணக்கைவிட, தான் சொல்லிக் கொடுத்து இன்னொருத்தி எழுதற கணக்கு பெருசுன்னு ஒரு வருசத்துல அவளுக்கே தெரியும்.

மூணாவது, இது மத்த எல்லாருக்கும். கோவிச்சுக்கிட்டு நிக்காதீங்க. குறுவட்டத்துல அஞ்சு பிள்ளைங்க நின்னுச்சே, அந்த மாதிரி. கூட்டத்துல ஒரு வார்த்தை பேசறதில்லை, தண்ணிக் குழாய்க்கிட்ட அரை மணி நேரம் பேசறோம். அவ எடுத்துக்கறான்னு குத்தம் சொல்றதுக்கு முன்னாடி, நாம எடுக்கற அளவுக்குப் பழகியிருக்கோமான்னு பார்க்கோணும். பாஸ்புக்கைப் பிரிச்சுப் படிக்கத் தெரியோணும். பேங்க்குக்கு மாறி மாறிப் போகோணும்.

நாலாவது ரொம்ப முக்கியம். கோபக்காரியைப் பொறுத்துக்கலாம், கணக்குக் காட்டாதவளைப் பொறுத்துக்கக் கூடாது. ரெண்டையும் குழப்பிக்காதீங்க. அதிர்ந்து பேசறது குணம். குழுப் பணத்தைக் கையில வெச்சுக்கறது, பாஸ்புக்கை வீட்டுல பூட்டி வெக்கறது, தீர்மானப் புத்தகத்துல பின்னாடி எழுதிச் சேர்க்கறது, இதெல்லாம் பந்தைப் பிடிச்சு வெச்சுக்கற ஆட்டம். எவ்வளவு பெரிய ஆட்டக்காரியா இருந்தாலும் பந்தைப் பிடிச்சா விசில்தான். அன்னைக்கே ஊதிடோணும். "பாவம், நமக்காக எவ்வளவு உழைச்சவ"ன்னு மூணு மாசம் பொறுத்தா, அப்புறம் விசிலுக்கு வேலை இருக்காது, போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் வேலை.

இதே மேடையில கணக்கு எழுதறவங்க ஒருத்தரையும் காணோம், கவனிச்சீங்களா? வாலிபால்ல லிபரோன்னு ஒரு ஆளு உண்டு. 1998ல கொண்டு வந்தாங்க. பின்னாடி நின்னு விழற பந்தை எடுக்கறது மட்டும்தான் வேலை. வலைக்கு மேல அடிக்கக் கூடாது, தடுக்கக் கூடாது. ஆனா மத்தவங்களுக்கு ஒரு நிறச் சட்டைன்னா, அந்த ஆளுக்கு வேற நிறம். ஆறு பேருக்கு நடுவுல தனியாத் தெரியோணும்னு. நம்ம குழுக்கள்ல ராத்திரி பத்து மணிக்கு மேல விளக்கடியில உக்காந்து பேரேடு எழுதறவங்களும் லிபரோதான். தலைவி அவர்களே, நான் ஒண்ணு கேட்டுக்கறேன். அடுத்த ஆண்டு விழாவுல அவங்களை முன்வரிசையில உக்கார வெச்சு, ஒரு சால்வை போத்துங்க.

கடைசியா ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஊராட்சிக் கூட்டமைப்பும் ஒரு வலை, ரெண்டு பந்து வாங்குங்க. பள்ளிக்கூட மைதானத்துல ஞாயித்துக்கிழமை கூட்டம் முடிஞ்சதும் அரை மணி நேரம் ஆடுங்க. சேலையை இழுத்துச் சொருகினா ஆட வராதுங்களா? நாத்து நடறப்ப, களை எடுக்கறப்ப, பஸ்ஸுக்கு ஓடறப்ப வர்றதுதானே. பொம்பளைப் பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க. விசில் ஊத ஆள் வேணும்னா எனக்குப் போன் பண்ணுங்க, டவுன் பஸ் ஏறி வந்துடறேன். சம்பளம் வேண்டாம், ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பி போதும்.

ஆடறப்ப மூணு வார்த்தையையும் மறக்காதீங்க. "நான்"னு சொல்றதுக்குத் தைரியம் வேணும், பொம்பளைங்க நிறையப் பேருக்கு அதுவே இன்னும் வரலை. "உனக்கு"ன்னு சொல்றதுக்கு நம்பிக்கை வேணும். "விடு"ன்னு சொல்றதுக்குப் பக்குவம் வேணும், வெளியில போற சண்டையை இழுத்து உள்ள போட்டுக்காம இருக்கறதுக்கு. மூணும் சேர்ந்து வந்துட்டா நம்ம கூட்டமைப்பை எந்த அணியாலயும் ஜெயிக்க முடியாதுங்க.